படிக்கட்டுப் பெட்டி

நெட் நல்லா வருமான்னு கேட்டீங்கல்ல? வரும். இப்ப ரொம்ப நல்லா வரும். உக்காருங்க. செருப்ப வாசல்லயே விட்டுட்டு வந்து உக்காருங்க. மேல் வீட்டுச் சாவி என்னட்டதான் இருக்கு, எங்கயும் ஓடிடாது. வீடு பாக்க வாரவங்க முதல்ல தண்ணி எப்பிடின்னு கேப்பாங்க, இல்ல வெயில் இறங்குமான்னு கேப்பாங்க. நீங்க வாசல்ல நின்னுக்கிட்டே நெட் வருமான்னு கேக்கீங்க. வீட்ல இருந்தே வேலை பாக்குற பொண்ணுன்னு தரகர் சொன்னார். அப்ப உங்களுக்கு இது தெரிஞ்சிருக்கணும். மேல் வீடு ஏன் காலியாச்சுன்னு தெருவுல ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க. நீங்க உள்ள வரும்போதே எதிர்வீட்டுக்காரி ஜன்னல்ல நின்னா, பாத்தீங்களா? அவ வந்து சொல்றதுக்கு முன்னால நானே சொல்லிடுதேன்.

மேல இருந்தது என் தம்பி கிளாரன்ஸ். ஹார்பர்ல கிரேன் ஓட்டுதான். அவன் பொண்டாட்டி பிரிஸ்கா. ஒரே மக அனிலா, நர்ஸா இருக்கா. கீழ நான். எங்க அப்பா கட்டின வீடு. மேல அவனுக்கு, கீழ எனக்கு. நான் கல்யாணம் கட்டிக்கல, ஏன்னு கேக்காதீங்க, அது வேற கதை. இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்துல தமிழ் டீச்சர். ஜெசிந்தா டீச்சர்னா போல்டன்புரத்துல தெரியாதவங்க இல்ல. சாக்பீஸ் தூசி தொண்டைக்கு ஒத்துக்காம வேலைய விட்டேன். அதுக்கப்புறம்தான் இந்த ஆன்லைன் வகுப்பு. சிங்கப்பூர்ல இருக்கிற நம்ம பிள்ளைங்களுக்கு. இங்க சாயங்காலம் நாலுன்னா அங்க ஆறரை. குளிச்சு, சாப்பிட்டு, தலை சீவி வந்து உக்காரும் பிள்ளைங்க. தங்கமான பிள்ளைங்க.

இந்த வீட்டுச் சுவர் எல்லாம் ஒண்ணரை அடி கனம். போஸ்ட்ல இருந்து ஒயர் வாரது மேல் மாடிக்கு. அங்க இருந்து கீழ என் ரூமுக்கு வைஃபை இறங்கவே இறங்காது. அப்பதான் அனிலா இந்த மெஷ் பெட்டி வாங்கிட்டு வந்தா. மூணு பெட்டி, வெள்ளையா, சின்ன டப்பா மாதிரி. ஒண்ணு மேல அவங்க ஹால்ல, ஒண்ணு படிக்கட்டுத் திருப்பத்துல, ஒண்ணு இங்க என் அலமாரி மேல. மேல் பெட்டி படிக்கட்டுப் பெட்டிக்குக் குடுக்கும், படிக்கட்டுப் பெட்டி எனக்குக் குடுக்கும். நடுவுல இருக்கிறது போச்சுன்னா எனக்கு ஒண்ணும் கிடையாது. வெள்ளை லைட்டு எரிஞ்சா நல்லா இருக்குன்னு அர்த்தம், சிவப்பு எரிஞ்சா போச்சுன்னு அர்த்தம். அவ முதல் சம்பளத்துல வாங்கினது. "உங்களுக்காகத்தான் அத்தை"ன்னு சொன்னா. சொன்னாதான், இல்லைங்கல. ஆனா ஒயர் வந்து சேருற அந்த மேல் பெட்டி, பெரிய பெட்டின்னு சொல்லுவோம், பாஸ்வேர்டு, எல்லாம் மேல அவ அம்மா கையில.

ரெண்டு மாசம் நல்லா ஓடுச்சு. ஜூன் மாசம் ஆரம்பிச்சது. தினமும் நாலு மணி. பிள்ளைங்க ஒவ்வொண்ணா வந்து "வணக்கம் டீச்சர்"னு சொல்லும், நான் வணக்கம்னு சொல்ல வாயத் திறப்பேன், நின்னுடும். அஞ்சு நிமிஷம் கழிச்சு வரும், திரும்பப் போகும். நாலரை வரைக்கும் இதே பாடு. நாலரைக்கு மேல சமத்தா இருக்கும். ஒரு நாள் ழகரத்துக்கு நாக்க எப்பிடி மடக்கணும்னு காட்டிக்கிட்டிருக்கேன். அப்பிடியே நின்னுடுச்சு. அங்க திரையில நான் வாயப் பிளந்துக்கிட்டு, நாக்கு மேல ஒட்டிக்கிட்டு, அஞ்சு நிமிஷம். ஒரு பய அத ஃபோட்டோ எடுத்துட்டான். அடுத்த நாள் ஒரு பிள்ளையோட அம்மா எனக்கு எழுதுறாங்க, "டீச்சர், உங்க வீட்டுப் பிரச்சனைய முதல்ல சரி பண்ணுங்க"ன்னு. உங்க வீட்டுப் பிரச்சனை. எங்கயோ கடல் தாண்டி இருக்கிறவங்களுக்கே புரியுது பாருங்க, இது வீட்டுப் பிரச்சனைன்னு.

இப்ப நீங்களே சொல்லுங்க. மே மாசக் கடைசியில பிரிஸ்காவுக்கும் எனக்கும் மாடியில துணி காயப்போடுற கொடி விஷயமா ஒரு பேச்சு வந்துச்சு. சின்னப் பேச்சுதான். என் சேலைய ஒதுக்கிட்டு அவ பெட்ஷீட்ட விரிச்சிருந்தா, நான் கேட்டேன், அவ ஒண்ணு சொன்னா, நான் ரெண்டு சொன்னேன். சரியா ஜூன்ல லைன் நிக்க ஆரம்பிக்குது. அதுலயும் நாலு மணிக்கு. நாலு மணிக்கு என்ன? பால்காரர் வார நேரம். பிரிஸ்கா தூக்குச்சட்டிய எடுத்துக்கிட்டுப் படி இறங்கி வருவா. படிக்கட்டுத் திருப்பத்துல பெட்டி. அவ இறங்குறா, என் லைட்டு சிவப்பாகுது. ஒரு நாள் ரெண்டு நாள்னா பரவாயில்ல. நான் காலண்டர்ல பென்சிலால சுழிச்சு வச்சேன். திங்கள்ல இருந்து சனி வரைக்கும் சுழி சுழியா இருக்கு, ஞாயித்துக்கிழமை மட்டும் சுத்தமா இருக்கு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அவ எங்க இருப்பா? திரேஸ்புரத்துல அவ அம்மா வீட்ல! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் ஒரு மனுஷிக்கு?

நேராவே கேட்டேன். மறைச்சுப் பேசுறது எனக்குப் பழக்கமில்ல. "பிரிஸ்கா, போற போக்குல சுவிட்ச அமத்திட்டுப் போறியா?"ன்னு கேட்டேன். "ஐயோ மைனி, நான் அதத் தொட்டதே இல்ல. மாதா மேல சத்தியம்"ங்கா. "இதுக்கெல்லாம் மாதாவ இழுக்காத"ன்னு சொல்லிட்டேன். அழுதுக்கிட்டே போனா. அழுகை அவளுக்குக் கண்ணு ஓரத்துலயே நிக்கும்.

கிளாரன்ஸ் ஒண்ணும் செய்யலன்னு சொல்ல மாட்டேன். பெட்டிய இங்க வச்சான், அங்க வச்சான். அலமாரியில கண்ணாடி இருக்கு, அது சிக்னல மறிக்கும்னு ஜன்னல் பக்கம் மாத்தினான். எல்லாத்தையும் அமத்தி அமத்திப் போட்டான். கம்பெனிக்குப் போன் பண்ணினான். மூணு தடவை ஆள் வந்தாங்க. மூணு தடவையும் காலைல பத்து மணிக்கு! பத்து மணிக்கு வந்தா நல்லாத்தானே இருக்கும்? "எல்லாம் கரெக்டா இருக்கு மேடம்"னு மொபைல்ல ஏதோ நம்பரக் காட்டிட்டுப் போயிடுவாங்க. கிளாரன்ஸ் என்னட்ட அவன் போனக் காட்டுதான். "பாரு அக்கா, மேல் பெட்டி போகல. படிக்கட்டுப் பெட்டிதான் ஆஃப் ஆகி ஆகி வருது." நானும் அதத்தானேடா சொல்லுதேன், படிக்கட்டுப் பெட்டியத்தான் அவ அமத்துறான்னு!

அப்புறம் ஒரு லீவு நாள்ல அவனே படிக்கட்டுல போய் உக்காந்தான், மூணே முக்கால்ல இருந்து. பெரிய ஆளு, படியில முழங்கால மடக்கி உக்காந்திருக்கான். நாலு மணிக்குப் போச்சு. ஓடி வாரான் என்னட்ட. "அக்கா, என் கண்ணு முன்னாலயே போச்சுக்கா. யாரும் பக்கத்துல வரல. தானா சிவப்பாச்சு"ங்கான். நான் கேட்டேன், "நீ படிக்கட்டுல இருந்த. மேல பெரிய பெட்டி பக்கத்துல யாரு இருந்தா?" அவன் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னான், மேல ஏறிப் போயிட்டான்.

ஆகஸ்ட்ல மூணு பேரும் வேளாங்கண்ணிக்குப் போனாங்க. நாலு நாள். சரி, இந்த நாலு நாளாவது நிம்மதியா வகுப்பு எடுக்கலாம்னு உக்காந்தேன். நாலு மணிக்கு நின்னுது. நாலு நாளும் நின்னுது. எனக்கு அப்பதான் முழுசா விளங்கிச்சு. போன்லயே அமத்தலாம் இத! எங்க இருந்து வேணாலும் அமத்தலாம்னு கிளாரன்ஸே முன்ன ஒரு தடவை சொல்லியிருக்கான். மாதா சன்னிதியில போய் நின்னுக்கிட்டு, கையில போன வச்சுக்கிட்டு, இங்க என் பொழப்ப நிறுத்துறா. அப்பிடித்தான் நினைச்சேன். வேற எப்பிடி நினைக்க? நீங்க என் இடத்துல இருந்தா எப்பிடி நினைப்பீங்க?

பதினேழு பிள்ளைங்க இருந்தது, ஒன்பதாப் போச்சு.

செப்டம்பர்ல சிங்கப்பூர்ல அந்த வகுப்ப நடத்துற அம்மா போன் பண்ணினாங்க. நல்ல மாதிரி. "டீச்சர், உங்க பாடம் எல்லாருக்கும் பிடிச்சிருக்கு, இந்த லைன்தான் பிரச்சனை. வியாழக்கிழமை நானே உக்காந்து உங்க வகுப்பப் பாக்கேன். அன்னைக்கு நல்லா வந்துதுன்னா பெரிய பிள்ளைங்க வகுப்பையும் உங்களுக்கே தாரேன்"ன்னாங்க. நான் மேல போய்ச் சொன்னேன். "வியாழக்கிழமை நாலு மணிக்கு யாரும் எதையும் தொடக்கூடாது. டிவி கூடப் போடாதீங்க." கிளாரன்ஸ் தலையச் சொறியுதான். "அக்கா, அன்னைக்குத்தான் அனிலாவப் பாக்க நாகர்கோவில்ல இருந்து வாராங்க. அவங்க சொன்ன தேதி. நீ வகுப்ப முடிச்சிட்டு அஞ்சு மணிக்காவது மேல வந்துடு. வீட்டுக்குப் பெரியவ நீ, நீ இல்லாம எப்பிடி?" எனக்கு வந்த நாளப் பாத்துத்தான் அவங்களுக்கும் நாள் வரணுமா? சரி, போகட்டும்னு விட்டேன்.

வியாழக்கிழமை பட்டுச்சேலை கட்டி உக்காந்தேன். ரெண்டு வேலைக்கும் சேத்துத்தான். வகுப்புக்கு முன்னால எப்பவும் செய்ற வேலையெல்லாம் செஞ்சு முடிச்சு, தலைய ஒதுக்கி, நாலு மணிக்கு ரெடி. வாசல்ல கார் வந்து நின்ன சத்தம், மேல பேச்சுச் சத்தம், சிரிப்பு. இங்க அந்த அம்மா திரையில வந்தாங்க. "வணக்கம் டீச்சர்"னாங்க. போச்சு. வந்துச்சு. "கேக்குதா டீச்சர்?" போச்சு. மூணாவது தடவை வந்தப்ப அந்த அம்மா யார்ட்டயோ பேசிக்கிட்டிருக்காங்க, "பாவம், இவங்களுக்கு இனிமே கஷ்டம்"னு. அது காதுல விழுந்ததோட போச்சு.

எனக்குக் கண்ணு தெரியல. எந்திரிச்சேன். படியில எப்பிடி ஏறினேன்னு தெரியல. படிக்கட்டுப் பெட்டி சிவப்பா எரியுது. மேல ஹால்ல ஏழெட்டுப் பேர். மாப்பிள்ளையோட அப்பா, அம்மா, ஒரு பங்குச் சாமியார் கூட இருந்தார். அனிலா தட்டோட நிக்கா. நான் நேராப் போய்ப் பெரிய பெட்டியோட ஒயரப் பிடிச்சு இழுத்தேன். பெட்டி கீழ விழுந்து உருண்டுது. "இப்ப எல்லாருக்கும் திருப்தியா?"ன்னு கேட்டேன். பிரிஸ்கா ஓடி வந்து "மைனி, மைனி, ஆளுங்க இருக்காங்க"ன்னு என் கையப் பிடிக்கா. நான் அந்த மாப்பிள்ளையோட அம்மாவப் பாத்துச் சொன்னேன். "பிறந்த வீட்லயே என் சோத்துல மண்ணப் போடுறா இவ. சிரிச்ச முகமாச் செய்வா, கண்டுபிடிக்க முடியாது. இவ வளத்த பிள்ளையத்தான் நீங்க கூட்டிட்டுப் போகப் போறீங்க. யோசிச்சுச் செய்யுங்க." அவ்வளவுதான் சொன்னேன். இந்த எதிர்வீட்டுக்காரி நான் தட்டத் தட்டி விட்டேன்னு சொல்லுவா. தட்டத் தொடவே இல்ல நான். அனிலா சட்டுனு திரும்பினதுல காப்பி சிந்துச்சு, அது வேற.

அவங்க நல்லவங்க. காப்பியக் குடிச்சிட்டு, "கலந்து பேசிச் சொல்லுதோம்"னு கிளம்பிட்டாங்க. அப்புறம் சொல்லவே இல்ல.

கிளாரன்ஸ் அன்னைக்கே கீழ வந்தான். உக்காரல. "அக்கா, இனிமே நீ மேல வராத"ன்னான். நாப்பத்தெட்டு வயசுல முதல் தடவையா என்னைப் பாத்து ஒரு கட்டளை போடுதான். நான் "பெட்டியத் தூக்கிட்டுப் போ, எனக்கு வேண்டாம்"னு சொன்னேன். "அது நீயே வச்சுக்க. அனிலா உனக்குன்னுதான் வாங்கினா"ன்னுட்டுப் போனான். ஒண்ணரை மாசத்துல மில்லர்புரத்துல வீடு பாத்துப் போயிட்டாங்க. போகும்போது அனிலா மட்டும் என் வாசல்ல ஒரு நிமிஷம் நின்னா. ஏதாவது திட்டுவான்னு பாத்தேன். "அத்தை, லைன் போச்சுன்னா பெட்டிக்குப் பின்னால ஒரு சின்ன ஓட்டை இருக்கும், குச்சிய வச்சு அழுத்தினா முதல்ல இருந்து ஆரம்பிக்கும்"னு சொல்லிட்டுப் போனா. திட்டியிருந்தா பதிலாவது சொல்லியிருப்பேன்.

நான் என் பேர்ல புது லைன் வாங்கினேன். ஒயர் அதே மாடிக்குத்தான் வருது. மேல் வீடு பூட்டிக் கிடக்கு. அடுத்த நாள் நாலு மணிக்கு வகுப்புல உக்காந்தேன், நின்னுது.

பூட்டின வீடு! எனக்கு என்ன தோணும்? போனதுக்கப்புறமும் அங்க இருந்துக்கிட்டே அமத்துறாங்கன்னுதானே தோணும்? கம்பெனிக்குப் போன் பண்ணி, "இந்தப் பெட்டியில இருந்து அவங்க போன் எல்லாத்தையும் வெட்டி விடணும், ஆள் அனுப்புங்க"ன்னேன். இந்தத் தடவை ஒரு பொம்பளப் பிள்ளை வந்துச்சு, ஸ்கூட்டர்ல. பேரு கனிமலர். நல்ல தமிழ்ப் பேரு. அதுதான் முதல் தடவையா ஒரு கேள்வி கேட்டுச்சு. "எத்தனை மணிக்கு டீச்சர் போகுது?" நாலு மணின்னேன். "அப்ப நான் மூணே முக்காலுக்கு வாரேன்"னு போயிட்டு, சொன்ன மாதிரியே திரும்பி வந்து படிக்கட்டுல உக்காந்துச்சு. "நீங்க தினமும் வகுப்புக்கு முன்னால என்னென்ன செய்வீங்களோ அதையே செய்யுங்க. என்னைப் பாக்காதீங்க"ன்னுது.

நான் மூஞ்சியக் கழுவினேன். மாதா படத்துக்கு முன்னால திரி ஏத்தினேன். அடுக்களைப் பின்பக்கம் போய்த் தண்ணி மோட்டாரப் போட்டேன். வந்து உக்காந்தேன். சிவப்பு.

அந்தப் பிள்ளை படிக்கட்டுல இருந்து கத்துது, "டீச்சர், இப்ப என்ன போட்டீங்க?" மோட்டார்னேன். "அமத்துங்க." அமத்தினேன். கொஞ்ச நேரத்துல வெள்ளை. "போடுங்க." சிவப்பு. "அமத்துங்க." வெள்ளை. ஏழு தடவை என்னைப் போட வச்சுது, அமத்த வச்சுது. ஒரு தடவை போதாதா? எனக்கு என்ன புரியாதா? படிக்கட்டு பிளக்கும் மோட்டாரும் ஒரே ஒயர்லயாம், அப்பா காலத்து ஒயராம். மோட்டார் ஓடினா அந்தப் பெட்டிக்குக் கரண்டு பத்தாம விழுந்து விழுந்து எந்திரிக்குமாம். "எப்ப இருந்து நாலு மணிக்குப் போடுதீங்க டீச்சர்?"னு கேட்டுது. ஜூன்ல இருந்து. ஜூன்லதான் தெருவுக்குத் தண்ணி வார நேரம் காலைல இருந்து மத்தியானத்துக்கு மாறிச்சு. கீழ்த்தொட்டி நிறைய நாலாயிடும். அதுக்கு நான் என்ன செய்ய? மேல்தொட்டிய நிரப்ப வேண்டாமா? நிரம்பினா நாலரைக்கு மோட்டார் தானா நின்னுடும். மேல இருக்கிறவங்களுக்கும் சேத்துத்தானே நிரப்பினேன், அவங்க குளிக்கத்தானே! ஞாயித்துக்கிழமை துணி துவைக்கணும்னு கீழ்த்தொட்டியில மிச்சம் கிடக்கிறத ஏத்த காலைலயே போட்டுடுவேன். அத நான் யோசிக்கல. யார்தான் யோசிப்பா? மூணு ஆம்பளைங்க கம்பெனியில இருந்து வந்தாங்களே, அவங்க யோசிச்சாங்களா?

அந்தப் பிள்ளை வேற ஒயர் இழுத்துப் பெட்டிய மாத்தி வச்சுது. பத்து நிமிஷ வேலை. அன்னையில இருந்து நிக்கல.

கிளாரன்ஸுக்குப் போன் பண்ணினேன். பண்ணாம இருப்பேனா? "லைன் சரியாயிடுச்சு"ன்னேன். "என்னவாம் அக்கா?"ன்னான். "ஏதோ கரண்டுப் பிரச்சனையாம்"னேன். "அப்பிடியா. நல்லது"ன்னான். அதுக்கு மேல நான் என்ன சொல்ல? மோட்டார்னு சொன்னா, அந்த சுவிட்ச் யார் கையில இருக்குன்னு அவனுக்குத் தெரியாதா? பிரிஸ்காட்டப் பேசுன்னு அவன் சொல்லல, நானும் கேக்கல. பெட்டிய அவ தொடல, சரி. ஆனா கொடியில என் சேலைய ஒதுக்கினது அவதானே? அதுவுமா மோட்டார்?

ஜனவரியில அனிலாவுக்குக் கல்யாணம். வேற இடம், மதுரைப் பக்கம். பத்திரிகை கூரியர்ல வந்துச்சு. கூடப் பிறந்த அக்காவுக்குக் கூரியர்ல! கையெழுத்துப் போட்டு வாங்கினேன், யாரோ எவரோ மாதிரி. உள்ள தனியா ஒரு துண்டுச் சீட்டு, வர இயலாதவங்க நேரலையில பாக்கலாம்னு. எல்லாருக்கும் அதே சீட்டுதான் வச்சிருப்பாங்க. எனக்குன்னு வச்சாங்களா, எல்லாருக்கும் வச்சாங்களா, யார்ட்டக் கேக்க?

ஒரு போன் வரும்னு முந்தின நாள் வரைக்கும் பாத்தேன். சேலை எடுத்து வச்சிருந்தேன். வரல. அழைக்காத இடத்துக்குப் போற ஆள் நான் இல்ல. காலைல பத்து மணிக்கு இங்கதான், இதே நாற்காலியிலதான் உக்காந்து கம்ப்யூட்டர்ல பாத்தேன். எங்க குடும்பத்துல பொண்ணு கோயிலுக்குள்ள நுழையும்போது தலை முக்காட்ட அத்தைதான் சரி பண்ணி விடணும். எனக்கு எங்க அத்தை பண்ணிவிட வாய்க்கல, பிரிஸ்காவுக்கு அவ அத்தை பண்ணிவிட்டத நானே நின்னு பாத்திருக்கேன். அனிலா கார்ல இருந்து இறங்கினா. வாசல்ல நின்னா. ஒரு மாதிரி திரும்பித் திரும்பிப் பாத்தா. அப்புறம் பிரிஸ்காவோட தங்கச்சி வந்து சரி பண்ணி விட்டா. கோணலாத்தான் பண்ணினா. இடது பக்கம் தூக்கிக்கிட்டு நின்னுச்சு, பூசை முடியிற வரைக்கும் அப்பிடியேதான் இருந்துச்சு. யாரும் கவனிக்கல.

படம் அவ்வளவு தெளிவா இருந்துச்சு. அவ காதுல போட்டிருந்த கல்லு வரைக்கும் தெரிஞ்சுது. எத்தனை பேர் பாக்காங்கன்னு ஓரத்துல ஒரு நம்பர் காட்டும். ஆரம்பத்துல அறுபத்தி மூணு. மோதிரம் மாத்தும்போது நாப்பது. சாப்பாட்டுக்கு எல்லாரும் போனதும் அதுவும் இறங்கி இறங்கி, ஒண்ணுன்னு காட்டிச்சு. அந்த ஒண்ணு நான்தான். கேமராவ அமத்த மறந்துட்டாங்க போல. ரெண்டு பேர் நாற்காலிய அடுக்கிக்கிட்டிருந்தாங்க, ஒரு அம்மா பூவக் கூட்டிக்கிட்டிருந்தா. ரொம்ப நேரம் கழிச்சுக் கிளாரன்ஸ் ஒத்தையா உள்ள வந்தான். எதையோ மறந்து வச்சிட்டுப் போயிருப்பான். கேமராப் பக்கம் குனிஞ்சு பாத்தான். அவன் மூஞ்சி திரை பூரா வந்துச்சு. ஓரத்துல இருக்கிற நம்பர அவன் பாத்தானா இல்லையான்னு எனக்குத் தெரியல. கொஞ்ச நேரம் அப்பிடியே நின்னான், அப்புறம் கைய நீட்டி அவனே அமத்திட்டான்.